ஏசித் தண்ணி

முதல் வாரம் அதை ஏசித் தண்ணி என்றேன்.
சித்திரையில், நங்கநல்லூரில்
எந்த வண்டிதான் சொட்டவில்லை.

ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி.
ஏறுவது நானும் ஜெரினும்.
காலியான ஐந்து இருக்கைகளுக்கும் சேர்த்து
தவணை கட்டும் ஆரோன் தோஹாவில்.
குழாய்களில் கசிவு பார்க்கும் வேலை.

"அம்மா, நம்ம கார்ல பங்க் வாசனை வருது"
என்றான் ஜெரின்.

அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தேன்.
காலையில்
தங்கம் விலையின் மேல் ஒரு வளையம்.
சாவியைப் பாதி திருகினேன்.
பம்ப் இரண்டு விநாடி முனகியது.
குனிந்து கையை நீட்டினேன்.
விரலில் விழுந்தது சில்லென்றது,
பார்க்கும்போதே காணாமல் போனது.
தண்ணீருக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

வீடியோவில் ஆரோன்: "டேங்க். நிச்சயமா டேங்க்."
"டேங்க் பின்னாடி. சொட்டுறது முன்னாடி."
"அப்ப மெக்கானிக்கைக் கூப்பிடு."
மெக்கானிக்
இழுத்துப் போகவே மூவாயிரம் என்றார்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டையைத் தரையில் விரித்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது:
தூணுக்கு அப்பால், எட்டடியில், பிள்ளையார்.
ஆறு மணிக்கு அகல்.
பெட்ரோல் ஆவி தரையோடு தவழும்.
ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற பி-டூக்காரி
விளக்கேற்ற வேண்டாம் என்று
எந்த வாயால் சொல்வாள்?
மாடிப்படியில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

செக்ரெட்டரி சந்தானகோபாலன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
வாட்ச்மேன் துளசிங்கம்தான்
தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டு,
காதிலிருந்த பீடியையும் கூடவே போட்டு,
"இன்னிக்கு ஒரு நாள்
சாமி டியூப் லைட்ல இருக்கட்டும்" என்றார்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன்.
துணி சுற்றி ஹோஸை உருவினேன்.
உள்ளே மிச்சமிருந்தது
மணிக்கட்டில் இறங்கி
முழங்கை கடந்து அக்குள்வரை வந்தது.
முதலில் ஐஸ்.
பிறகு மிளகாய்.

டார்ச்சை அருகே கொண்டுபோனேன்.
கறுப்பு ரப்பரில் இரண்டு கோடுகள்,
பக்கம்பக்கமாக, அளவெடுத்ததுபோல.
பேட்டரிக்குக் கீழே தேங்காய் நார்,
ஜெரினின் தொலைந்த சாக்ஸில் பாதி,
காய்ந்துபோன கொழுக்கட்டைத் துண்டு.

துளசிங்கம் எட்டிப் பார்த்தார்,
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
"ஒரு வாகனம்
இன்னொரு வாகனத்தக் கடிச்சிருக்கு மேடம்."
செக்ரெட்டரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மேலே போய்விட்டார்.

மறுநாள் மெட்ரோ.
வெட்டிய துண்டை சோப்பில் கழுவி
மூன்று கவருக்குள் வைத்திருந்தேன்,
ஆனாலும் கிண்டிக்குள்
பக்கத்து இருக்கை காலி.
எல்.ஐ.சி.யில் இறங்கி ஜி.பி. ரோடு.
"வூட்டுக்காரர் வரலியா?"
"கசிவு பாக்கப் போயிருக்காரு" என்றேன்.
கடைக்காரர் துண்டின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார்.
"சும்மா ஹோஸ் போட்டா ஒரே வாரம்.
இன்ஜெக்‌ஷன் ஹோஸ், எட்டு எம்.எம்.
ஒரு அடி போதும்.
கிளிப் ரெண்டு வாங்கிக்கோ."
நானூற்று முப்பது ரூபாய்.

அதிகம் இறுக்கினால் கிளிப் ரப்பரை வெட்டும்.
குறைத்தால் ஒழுகும்.
நடுவில் ஓரிடத்தில்
ஸ்க்ரூடிரைவர் தானாகக் கனத்தது. நிறுத்தினேன்.
சாவியை மூன்று முறை பாதி திருகி,
மூன்று முறை குனிந்து,
துணியால் ஒற்றி, முகர்ந்து,
பிறகுதான் ஸ்டார்ட்.

இரவு ஆரோன் கேட்டார்: "டேங்க்தானே?"
தட்டில் குப்பூஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.
எட்டு மணிநேரம் வெயிலில் நின்ற முகம்.
"ஆமா, அந்தப் பக்கம்தான்" என்றேன்.

நான்கு நாளாகச் செய்தித்தாள் காய்ந்தே கிடக்கிறது.
கைகள் மட்டும் இன்னும் மணக்கின்றன,
நான் பிசைந்த தயிர்சாதத்தை
ஜெரின் தொடுவதில்லை, ஸ்பூன் கேட்கிறான்.
ஆறு மணிக்கு அகல் எரிகிறது.
கொழுக்கட்டைக்கு இப்போது எவர்சில்வர் மூடி.

இன்று பள்ளியிலிருந்து திரும்பி நிறுத்தியதும்
அடியில் ஒரு சொட்டு.
குனிந்து தொட்டேன்.
விரலிலேயே நின்றது, அவசரமில்லாமல்.
தண்ணீர்தான்.

இருந்தும் முகர்ந்தேன்.