அடித்துளை

பதினோராவது வளைவில்
எஞ்சின் கத்தியது, ஜீப் ஏறவில்லை.
பின்னால் பதினான்கு பேர்,
பதினான்கு தூக்குவாளி.
"முடி கருகுற நாத்தம்" என்றாள் ஒச்சம்மா.
"யாரு தலைடா அது?"

இறங்கி நடந்தார்கள்.
ஏழரைக்கு மேல் வந்தால்
ஏலத்தோட்டத்தில் அரைநாள் என்று எழுதுவார்கள்.
பதினான்கு அரைநாளும்
என் பிடரியைப் பார்க்காமல் மேலேறிப் போயின.

இன்னொரு ஜீப் கயிறு கட்டி இழுக்க
கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்டை
இழுபட்டே கடந்தேன்.
போலீஸ்காரர் பெர்மிட் கேட்கவில்லை, சிரித்தார்.

ஜோபிஷ் மிதியைக் கையால் அழுத்தினான்.
ஒரு அங்குலம் சும்மா போய் வந்தது. சரிதான்.
சக்கரத்துக்குக் கல், கைப்பிரேக்,
மூன்றாம் கியர்.
"மெதுவா விடு சேட்டா."
விட்டால் எஞ்சின் சாகவேண்டும்.
சாகவில்லை. செத்திருந்தால்
டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

"பிளேட் போட்டு அஞ்சு மாசம்தான்" என்றேன்.
"அதுக்கு முந்தினதச் சின்னமாயன் தின்னான்.
மிதிமேலயே கால வச்சு ஓட்டுவான்."
அப்படிச் சொல்லித்தான் அன்று
அவன் சம்பளத்தில் நாலாயிரம் பிடித்தேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு
உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினான்.

ஜோபிஷும் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டிக்கடியில் போனான்.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை,
சுண்டுவிரல் நுழையும்.
தண்ணீரில் இறங்கும் நாளில் அடைக்கவேண்டும்,
ஏறிய பிறகு திறந்துவிடவேண்டும்.
அதில் ஒரு கருவேலங்கட்டை இறுகி இருந்தது.
போன வருஷ மழையில் ஓடை தாண்ட
நான் அடித்த கட்டை.

உருவினான்.
முழங்கை வரை கருப்பாய் வழிந்தது.
முகர்ந்தான். கியர் ஆயில் என்றால்
அழுகிய முட்டை வாடை வரும்.
"இது எஞ்சின் ஓயிலாணு."

இரண்டு ஷாப்ட்டும் கழன்றன.
ஏலச்சாக்குகளை அடுக்கி
காய்ச்சல்காரனைச் சாய்ப்பதுபோல்
கியர்பாக்ஸைச் சாய்த்தோம்.
பிளேட் தேயவே இல்லை.
ரிவிட்டுக்கு மேல் நெல்மணிக் கனம் மிச்சம்.
எண்ணெயில் ஊறி
நெய்யப்பம்போல் மினுங்கியது.
ஃபிளைவீலில் சூடுபட்ட மயில்கழுத்து நீலம்.
அதையும் கழற்றினால்
கிராங்கின் ஸீல், உதடு வெடித்து;
விளிம்பில் ஒரு சொட்டு
விழலாமா என்று நின்றது.

"எண்ணெய் குறையுதுண்ணே,
தரையில ஒரு சொட்டக் காணோம்,
எங்கதான் போகுது?"
வைகாசியில் சின்னமாயன் கேட்டான்.
"நீ குடிச்சிருப்ப" என்றேன்.

கட்டப்பனையிலிருந்து ஸீலும் பிளேட்டும்
பஸ்ஸில் வந்தன. கண்டக்டர்
ஜன்னல் வழியே நீட்டி, பத்து ரூபாய் கேட்டார்.
ஃபிளைவீலைப் பெட்ரோலில் கழுவி
உப்புத்தாள் தேய்த்தேன்.
பழைய கியர் தண்டைச் செருகி
பிளேட்டை நடுவில் நிறுத்தினான் ஜோபிஷ்.
ஆனாலும் கியர்பாக்ஸ் நுழையமாட்டேன் என்றது.
நெஞ்சில் ஏந்தி நான்கு முறை.
ஐந்தாம் முறை அவன் ஒரு நூல் திருப்பினான்,
ஏதோ கெட்டவார்த்தை மலையாளத்தில்.
உள்ளே போய்விட்டது.

மூன்றாம் கியர், கல், கைப்பிரேக்.
எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிச் செத்தது.
டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தியில் தோட்டத்து வாசலில் பதினான்கு பேர்.
"ஒம்பது பேருக்கு அரைநாளு" என்று மட்டும் சொல்லி
ஒச்சம்மா முன்சீட்டில் ஏறினாள்.
செக்போஸ்ட்டில் ஓரங்கட்டி அழைத்தேன்.
இரண்டாம் தடவை எடுத்தான்.
"கட்டைய எடுக்க மறந்துட்டேன் மாயா."
"எந்தக் கட்ட?"
ஊர் டவருக்கும் கேரள டவருக்கும் நடுவே
லைன் அறுந்தது.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு.
இஞ்சின் இழுத்துப் பிடிக்க வண்டி இறங்கியது.
"கிளட்சில ஏன் கால வச்சிருக்க?"
என்றாள் ஒச்சம்மா.
குனிந்து பார்த்தேன்.
வைத்துத்தான் இருந்தேன்.