பத்தொன்பது டிகிரி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
யாரோ கப்பலில் கொண்டுவந்த சொல்.
டண்டீயில் ஆடி வேறு மாதிரி:
விடியலில் கோழித் தொட்டித் தண்ணீர்
கண்ணாடித் தட்டாகக் கையோடு வரும்.

ஹீட் பம்ப் மாட்டிப் பத்து நாள்.
வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி,
நடுவே சுவரைத் துளைத்துச் செம்புக் குழாய்.
வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும்
என்றான் பொருத்த வந்த ந்துமிசோ.
"இந்தப் பனியிலிருந்தா?"
"இதிலிருந்துதான்."
கல்லில் நார் உரிக்கிற கதை என்று
பூபாலன் தமிழில் முனகிவிட்டு
அவனுக்கு டீ போடச் சொன்னார்.
டீ கரியடுப்பில்தான் கொதித்தது.
அதுதான் அதன் கடைசி டீ.

இருபத்திரண்டு வருஷம்
சுரங்க வாசலில் எடைச்சீட்டு எழுதியவர்.
சூடு என்றால் அவருக்கு எடை உண்டு.
ஒரு குளிர்காலம் பதினாறு மூட்டை.
மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும்,
வலித்தால் கணக்கு சரி.
இது எதையும் தூக்க வைக்கவில்லை.
நான் இருபத்துமூன்றில் வைப்பேன்.
ரிமோட் எப்படியோ பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கும்.
நள்ளிரவில் எழுந்துபோய்
மீட்டரில் மிச்ச யூனிட்டைப் பார்க்கிறார்,
கைக்குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று
பார்ப்பது போல.

பூனைக்குத்தான் முதலில் புரிந்தது.
அடுப்படியில் இரண்டு நாள் சுருண்டு பார்த்தது.
மூன்றாம் நாள் அலமாரி உச்சியில்,
பெட்டியின் மூச்சுக்கு நேரே.
அதை இறக்கிவிட்டு
இட்லி மாவை அங்கே வைத்தேன்.
காலையில் மாவு மூடியைத் தள்ளியிருந்தது.
பூனை என்னோடு பேசவில்லை.

நாட்காட்டியைக் கழற்றினால்
சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம்.
வீடு முழுக்க அந்த நிறத்தில்தான்
இருந்ததென்று மறந்தே போயிருந்தோம்.

வெள்ளிக்கிழமை
சாம்பிராணிக் கரண்டியோடு நிற்கிறேன்.
தணல் இல்லை.
எல்லாம் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.
வேலி தாண்டி தெம்பெகிலேயிடம் போனேன்.
சிரித்தாள். இரண்டு துண்டு எடுத்துப் போட்டாள்.
மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டாள்.
சொன்னேன்.
அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.
உள்ளே அவள் சின்னவன் இருமினான்,
பழைய நுகம் இழுக்கிற மாதிரி ஓர் இருமல்.

மாலையில் எங்கள் கடைசிக் கரி மூட்டையைத்
தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
நல்லவள் என்றாள்.
அந்தப் புகை யார் நெஞ்சுக்குப் போகும் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
ராத்திரி அவள் வீட்டுப் பக்க ஜன்னலை
நான்தான் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை மின்வெட்டு.
பூபாலனுக்கு முகமெல்லாம் வெற்றி.
டார்ச்சோடு கரித் தொட்டியைத் திறந்தார்.
வழித்த சட்டி.
என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.
மேல்கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்,
குளிரட்டும் என்று அவர்,
குளிரக்கூடாதே என்று நான்.

ஒரு மணி நேரம். ஒன்றரை.
கூரையடியில் ந்துமிசோ திணித்த பஞ்சோ,
கதவடியில் நான் வைத்த பழைய சேலையோ,
குளிர் வாசலிலேயே நின்றது.
அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.
உள்ளங்கையைச் சுவரில் வைத்து
வெகுநேரம் வைத்திருந்தார்.

"எத்தனை கிலோ இருக்கும் இது?"

இருட்டில் மீட்டர் மட்டும்
கீச் கீச்சென்றது.
யூனிட் வாங்க வேண்டும்.