ஓட்கெரெலுக்கு, இதழாசிரியரிடமிருந்து

தார்கானில் இன்று மைனஸ் முப்பத்தாறு என்றார்கள்.
உங்கள் தொட்டிகளின் ஆவியை
ரயில் ஜன்னலில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
ஊரே வாய்திறந்து மூச்சுவிடுவதுபோல.

கட்டுரை கேட்டேன்.
"எழுத வராது, வால்வு திருக வரும்" என்று
பதில் போட்டீர்கள்.
எழுத வராதவர் எழுதுகிற வரியா இது?

தண்ணீரே உயிர் என்று தொடங்காதீர்கள்,
அப்படி நாற்பது கட்டுரை என் மேஜையில் கிடக்கிறது.
எத்தனை டிகிரியில் சேற்றின் நுண்ணுயிர்கள் சோம்பின,
அம்மோனியா எந்த இரவில் ஏறியது,
நுரை பழுப்பானதை
முதலில் அறிந்தது கண்ணா மூக்கா.

பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால்
"இரண்டாம் புளோயர் இருமுகிறது" என்று
குறித்திருந்தீர்களாம். பாட்சூரி சொன்னார்.
மானி காட்டியது
அதற்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான்.
அந்த மூன்று மணி நேரம்
எனக்கு வேண்டும்.

தோற்றதையும் எழுதுங்கள்.
வேறு வழியின்றிக் கலங்கலாகவே
ஆற்றுக்குத் திறந்துவிட்ட அந்த விடியலை.
மாத அறிக்கையில் அது
சராசரிக்குள் கரைந்துவிட்டது.
யாகுட்ஸ்க்கிலோ எங்கோ
இரவு ஷிப்டில் ஒருத்தி
நாளை அதே நுரையின் முன்
கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.
அவளிடம் சராசரியை நீட்ட முடியுமா?

பக்கக் கணக்கு இல்லை.
ஒற்றுப்பிழைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்,
உங்கள் எண்களில் கை வைக்க மாட்டேன்.

பேனாவில் மை உறைந்தால்
அந்தப் பென்சிலே போதும்.