சாய்மானம்: இல்லை

முதல் நாள் என் நடை
ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் போய் விழுந்தது.
நாலு மணி நேரம் கொடிமலையில் ஏறி இறங்கியவள்
வேர்வை காயாத சட்டையோடு
கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன்:
சுழியம் பாகை, சுழியம் பாகை,
சுற்றிலும் நீலம்.

ஏதோ ஒரு பெட்டியில் ஏதோ ஓர் எண்ணை மாற்றவேண்டுமாம்.
காசு கேட்காத மென்பொருள்
பொறுமையைக் கேட்கும்.
பாயான் லெப்பாஸில் பதினாறு வருஷம்
உருப்பெருக்கியில் கண்ணை வைத்து
சில்லுகளின் கால்களை எண்ணியவளிடம்
பொறுமைக்கா பஞ்சம்.
மூன்றாம் இரவு, கடலிலிருந்து எழுந்து
பினாங்குக்கு வந்து சேர்ந்தது என் கோடு.

சமவுயரக் கோடுகள் போட்டேன், இருபது மீட்டருக்கு ஒன்று.
விண்ணிலிருந்து அளந்த உயரங்கள் அவை,
காட்டின் தலையை மலையின் தலை என்று நம்பியவை.
சரிவுக்கு நிழல், ஓடைக்கு நீலம்.
பெயர் எழுதப் போனால்
கொடிமலையின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் அநாதையாய் ஒரு ககரம்.
வளைவில் தமிழ் எழுத அதற்கு வரவில்லை.
நேராக எழுதினேன்,
மலைக்குக் குறுக்கே, பிடிவாதமாக.

பக்கத்து வீட்டு கெங் ஹுவாட் எட்டிப் பார்த்தார்.
"கைபேசியில் இல்லாத வழியா?"
கைபேசிக்கு மூன்றாவது ஓடை தெரியாது, அங்கிள்.

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி நடையில்
அதே மூன்றாவது ஓடையைத் தாண்டி
முந்நூற்று எண்பது மீட்டர் உயரத்தில்
புள்ளிகள் ஓரிடத்தை மொய்க்கின்றன,
சிந்திய மைலோவில் எறும்பு மாதிரி.
இலைக்கூரைக்கு அடியில் கருவிக்குத் தடம் தப்பும்;
உட்கார்ந்த இடத்திலேயே
ஒரு கிலோமீட்டர் இருநூறு நடந்திருக்கிறேன்
என்கிறது கணக்கு.
நாற்பத்தேழு நிமிடம்.

அந்தப் பாதையில் சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவு அது.
கைபேசி அதிர்ந்தது. மனிதவளப் பிரிவு.
அன்புள்ள தவமலர் த/பெ சின்னையா
என்று தொடங்கி,
மூன்றாம் லைன் இனி இங்கே ஓடாது என்று நடந்து,
என் பணியாளர் எண்ணில் முடிந்தது.
விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தேன்.
அழவில்லை. உரிக்க எடுத்த ஆரஞ்சு
கையிலேயே இருந்தது.
குரங்கு ஒன்று வந்து ஆரஞ்சைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
எடுத்துக்கொண்டு போனது.

கோட்டை எளிமையாக்க ஒரு கருவி உண்டு.
எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் என்று கேட்கும்.
ஐந்து மீட்டர் கொடுத்தேன், முடிச்சு தளர்ந்தது.
இருபது கொடுத்தேன்,
எங்கும் நிற்காமல் ஏறிப்போன ஒருத்தியின் கோடு வந்தது.
அழகான கோடு.
யாரோ ஒருத்தியுடையது.
செய்ததைத் தவிர், தவிர் என்று
இரண்டு முறை தட்டினேன்.
முடிச்சு திரும்பியது.

என் கோப்பில் அது என்னோடு கிடக்கட்டும்.
எல்லோரும் வரையும் அந்தப் பொது வரைபடத்துக்கு
எதைக் கொடுப்பது?
குப்பைத்தொட்டிக்கு அதில் குறி உண்டு,
தபால்பெட்டிக்கு உண்டு,
தண்ணீர்க் குழாய்க்குக்கூட உண்டு.
மற்றதைத் தேடிப் பார்த்துவிட்டு விட்டேன்.

வேலையில்லாத முதல் செவ்வாய்க்கிழமை
அளவுநாடாவோடு மறுபடி ஏறினேன்.
மரம் அங்கேயே கிடந்தது.
இரண்டு மீட்டர் பத்து.
இறங்கி வந்து பதிந்தேன்:
இருக்கை. பொருள்: மரம்.
மூன்று பேர் உட்காரலாம்.

இன்று காலை திறந்தால்
யாரோ திருத்தியிருக்கிறார்.
ஆணா பெண்ணா தெரியாது,
எண்கள் ஒட்டிய ஒரு புனைபெயர்.
ஏறிப்போய் உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும்,
இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது:

சாய்மானம்: இல்லை.

மூன்று பேரை இரண்டாகவும் குறைத்திருக்கிறார்.
ஒரு முனையில் எறும்புக் கூடு.
நானும் பார்த்தேன்,
எழுத மறந்துபோனேன்.