ஏழாம் இலக்க டிவிடி

கந்தோர் மூடப்போகினம்.
நூற்றிப் பதினாலு டிவிடி, விசிறி கத்துற ஒரு லப்டொப்,
கைக்குள் அடங்குற ஒரு ஹாட் டிஸ்க்.
"எல்லாத்தையும் இதுக்குள்ள ஏத்திப்போடும் பிள்ளை,
பெட்டியளைப் பிறகு கொட்டலாம்"
எண்டார் றெஜினோல்ட் சேர்.

மாங்குளத்தில் ஆவணி வெயில்.
ஒண்டுக்கு நாற்பது நிமிசம்.
அறுபத்து மூண்டு வீதத்தில் கரண்ட் போனால்
திரும்பப் பூச்சியத்தில் இருந்து.
கீறல் விழுந்ததுக்குப் பற்பசை பூசி
நடுவில் இருந்து விளிம்புக்குத் துடைக்கவேணும்,
வட்டமாகத் துடைக்கக்கூடாது.
மிதிவெடி எடுக்கிறதும் இப்படித்தான்,
ஒரு கோடு முடிச்சு அடுத்த கோடு.
ஆறு வருசம் செய்தனான்.
முழங்காலுக்குத் தெரியும்.

பதினொண்டு முடிஞ்ச பிறகுதான்
ஒண்டைப் போட்டுக் கேட்டன்.
ஒலுமடுச் சனம் வாயைத் திறக்க
இங்கிலீசு வருது.
அந்த மென்பொருள் தானாகச் சரி போடுறது
முதலாவது பெட்டிக்கு மட்டும்.
முதலாவது இங்கிலீசு,
இரண்டாவது சிங்களம்,
தமிழ் மூண்டாவது.
கீழ உருட்டினால்தான் தெரியும்.
நான் உருட்டேல்ல.

பத்தைத் திரும்ப எடுத்திட்டன்.
ஏழாவது சுத்தினது, உறுமினது, நிண்டிட்டுது.
பற்பசை. கண்ணாடி துடைக்கிற துணி. வேற ட்ரைவ்.
வவுனியாவில் கடைப் பெடியன்
வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பார்த்து
"வெள்ளி உரிஞ்சிட்டுது அக்கா,
ஒருக்கா வாசிச்சதே பெரிசு" எண்டான்.

அந்த ஒருக்காவைத்தான் நான் இங்கிலீசுக்குக் குடுத்தது.

அதில் நிக்கிறது தங்கேஸ்வரி.
தன்ர கிணத்துக்கு முன்னால, பொழுதுபடுற நேரம்.
நாங்கள் சிவப்புத் தடியளைப் பிடுங்கி
அரை மணித்தியாலம் இல்லை.
அவ நிறையக் கதைக்கிறா, கையும் சேர்ந்து கதைக்குது.
ஒரு ஆம்பிளைக் குரல் அதுக்கு மேல ஏறி நிண்டு
வீடு திரும்பியதில் இவருக்கு மகிழ்ச்சி எண்டு
இங்கிலீசில் சொல்லி முடிக்குது.
அவவின்ர வாய் முடிக்கேல்ல.
இன்னும் பதினெட்டுச் செக்கன்.
அதுக்குப் புல்லாங்குழல் போட்டிருக்கினம்.

"சேர், தமிழ் போட்டுது."
"படம் இருக்குத்தானே."

அண்டைக்கு நானும் அங்கதான் நிண்டனான்,
முப்பது மீற்றர் தள்ளி, முகக்கவசத்துக்குள்ள,
என்ர மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு.
தங்கேஸ்வரியின்ர நம்பர் இப்ப பாவனையில் இல்லை.
மன்னாரில் எண்டு சிலர். இல்லையெண்டு சிலர்.

சத்தத்தை அடைச்சுப்போட்டு வாயைப் பார்த்தன்.
கிணறு, அது லேசு, கை காட்டுது.
பத்து வருசம், விரலெல்லாம் விரியுது.
தண்ணி, நாக்கு பல்லில் தட்டுப்படுது.
இருபது தரம், முப்பது தரம்
பின்னால இழுத்து, பின்னால இழுத்து
ஒரு பக்கம் எழுதினன்.

கடைசி வசனத்தில் இடறுது.
இரண்டு உதடும் ஒட்டித் திறக்குது.
தொண்டைக்குள்ள ஒரு ககரம்.
நாக்கு மேல போகுது,
எந்த லகரத்துக்கு எண்டு கமரா காணேல்ல.
பகல் வந்தால் இறைப்பம்.
மகள் வந்தால் இறைப்பம்.
மகரத்துக்கும் பகரத்துக்கும்
உதட்டில் ஒரு வித்தியாசமும் இல்லையாம்.
மூக்குக்குத்தான் தெரியுமாம்.

விசிறியை நிப்பாட்டிப்போட்டு
ஃபோனில் என்ர குரலில் பதிஞ்சன்.
ஒரு வசனம் அவவுக்கு முந்துது,
ஒண்டு பிந்துது.
கோப்பில் இப்ப இரண்டு பெட்டி.
சிங்களத்துக்கு ஆர் வாய் குடுக்கிறது,
எனக்குத் தெரிஞ்ச சிங்களம்
நில், வெடி, பாதை, தேத்தண்ணி.

அந்த ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கு.
அதுக்குள்ள ஏ-ஒன்பதில் போன ஒரு லொறி விழுந்திட்டுது.
வெட்டேல்ல.

பன்னிரண்டாவதைப் போட்டன்.
கீழ உருட்டினன்.