உறவு என்ற கட்டம்

சட்டத்துக்குக் கிளைகள் உண்டென்று
பயிற்சிப் புத்தகத்தில் மரம் ஒன்று வரைந்திருந்தார்கள்.
லெபோ லைட் நீதிமன்றத்தில் எனக்கு அவை மாடிகள்.
பதினாறு வருடமாக ஏறி இறங்குகிறேன்,
தமிழில் வருவதை மலாயில் சொல்லி
மலாயில் வருவதைத் தமிழில் சொல்லி.
குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை,
கைப்பையில் தைல டப்பா.

சர்குணன் செத்தது ஒரு தடவைதான்.
ஜெலுத்தோங் நெடுஞ்சாலை, இரவு ஒன்பது நாற்பது, மழை.
மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில்
யாரோ கேட்டிருந்த இரண்டு பொட்டலம் மீ கோரெங்.
ஆனால் ஒவ்வொரு மாடியிலும்
அவரை மறுபடி மறுபடி
ரோட்டில் படுக்கவைத்தார்கள்.

கீழே குற்றவியல்.
அங்கே வழக்குத் தொடுப்பது அரசாங்கம்;
பறிகொடுத்தவள் வெறும் சாட்சி.
லாரிக்காரர் தியோ தன் செருப்பையே பார்த்தபடி நின்றார்.
மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிய வேண்டியது
சமிக்ஞை விளக்கு என்ன நிறம், வேகம் எவ்வளவு.
"அப்புறம்?"
கோமளேஸ்வரி சொன்னாள்: "அப்புறம் போயிட்டாரு."
காலையிலிருந்து பேசிய வாய்,
சொல்லுக்குச் சொல் கொட்டிவிட்டது:
"டியா சூடா பெர்கி."
"பெர்கி மானா?"
சின்ன வயது மாஜிஸ்திரேட், பேனா தூக்கிக் காத்திருந்தார்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது
என்று சத்தியம் செய்தவள் நான்.
திருப்பிக் கேட்டேன்: "எங்கே போனார்?"
அவள் என்னைப் பார்த்தாள்.
உனக்குமா தமிழ் தெரியாது, என்பது போல.

மூன்றாம் மாடி உரிமையியல்.
அங்கே குற்றமில்லை, கணக்குத்தான்.
காப்புறுதி வக்கீல் கால்குலேட்டரோடு வந்திருந்தார்.
வயது முப்பத்தெட்டு,
இன்னும் எத்தனை வருடம் சம்பாதித்திருப்பார்,
அதில் தனக்கென்று எவ்வளவு கரைத்திருப்பார்.
"சனி ஞாயிறு நாலு நம்பர் எடுப்பாரு, ரெண்டு வெள்ளிக்கு."
அதையும் கழித்தார்கள்.
கழித்து முடித்தபின் ஒரு தாள் கேட்டார்கள்:
திருமணப் பதிவுச் சான்றிதழ்.
"தண்ணிமலையில தாலி கட்டினாரு."
தாலிக்கு மலாயில் சங்கிலி என்று சொல்லலாம்.
சொல்லவில்லை. தாலி என்றே விட்டேன்.
எழுத்தர் இரண்டு தடவை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
தாள் இல்லை.
கால்குலேட்டர் பைக்குள் போனது.

தொழிலாளர் விசாரணைக்கு வேறு கட்டடம்.
கம்பெனியிலிருந்து வந்தவர் மரியாதையாகவே பேசினார்:
சர்குணன் எங்கள் தொழிலாளி அல்ல, ராக்கான் கொங்சி.
பங்காளி என்று பெயர்த்தேன்.
அதற்குத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது,
அந்த எட்டு மாதத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு.
"பங்காளின்னா தீட்டுக் காக்கணுமே.
பதினாறாம் நாளுக்கு ஒருத்தரும் வரலையே."
இதையும் மலாயில் சொன்னேன். முழுசாக.
தலைவர் குறித்துக்கொண்டாரா, தெரியாது.

சொத்து என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள்,
வங்கியில் எழுநூற்றுச் சொச்சம்.
சட்டப்படி அது
நிபோங் திபாலில் உள்ள அண்ணனுக்கு.
அந்த மாடிக்கு அவளை யாரும் கூப்பிடவே இல்லை,
எனவே என்னையும்.

லாரி வழக்கு முடிந்த அன்று
சான்றுப்பொருள் ஏழைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.
ஒரு பக்கம் நசுங்கிய தலைக்கவசம்.
உள்துணியில் மார்க்கர் பேனாவால்
அவர் கையெழுத்தில் ஒரு தொலைபேசி எண்.
அன்று இரவு போலீஸ் கூப்பிட்டது அந்த எண்ணைத்தான்.
எட்டு மாத வியர்வையில்லாமல்
மை அப்படியே இருந்தது.

பெறுபவர் பெயர் எழுதினாள்.
அடுத்த கட்டம், ஹூபோங்கான். உறவு.
பேனாவைத் தூக்கி என்னைக் கேட்டாள்:
"இங்க என்ன போட?"
பதில் சொல்வது என் வேலையில்லை.
வழக்கு முடிந்துவிட்டது, சத்தியமும் முடிந்திருக்குமா என்று
யோசித்துக்கொண்டே நின்றேன்.
குமாஸ்தா நோர்லைலா
காலிக் கட்டத்தைப் பார்த்தார்,
தலைக்கவசத்துக்குள் பார்த்தார்,
படிவத்தில் எழுதிய தொலைபேசி எண்ணைப் பார்த்தார்.
முத்திரையைக் குத்தினார்.

அது எந்தச் சட்டம் என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.
பஸ் நிறுத்தத்தில் மழை.
அவள் அதைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை,
சட்டைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்,
மை நனையாமல்.