வணக்கம், ஜெரார்

அனுமதி இல்லை என்றது.
மறுபடி தட்டினேன்.
அனுமதி இல்லை. பொதுச்சாவி.
அதற்குமேல் ஒரு சொல் கிடையாது,
கைமாற்று கேட்டு வந்தவனிடம்
கதவைக் காலால் அணைத்துக்கொண்டு பேசும் வீடு மாதிரி.

முதலியார்பேட்டை, இரண்டாம் மாடி.
ஒன்பது இருபது.
பத்தேகால் பஸ்ஸை விட்டால் மஞ்சக்குப்பம் போக ஆட்டோதான்.
மூன்று நாள் எழுதிய நாற்பது வரி
கிட்டில் ஏறாமல் என் மடியிலேயே கிடக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றினேன்,
அது கடவுச்சொல்லே கேட்கவில்லை என்பது
மாற்றிய பிறகுதான் உறைத்தது.
வைஃபையை அணைத்து போனிலிருந்து இழுத்தேன்.
சாவிக் கோப்பை
வேறு யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டினேன்.
கணினியில் தேதி சரியா என்றுகூடப் பார்த்தாயிற்று.

அப்புறம்தான்
உள்ளே விடு என்று கெஞ்சுவதை நிறுத்தி
நான் யார் என்று கேட்டேன்.

ஒரு நொடி யோசித்து
மரியாதையாகச் சொன்னது:
வணக்கம், ஜெரார்.

ஜெரார் செல்வநாதன் மார்ச்சிலேயே வேலையை விட்டாயிற்று.
அவர் வைத்துவிட்டுப் போன மடிக்கணினி இது.
தேய்ந்த ஸ்பேஸ் பார்,
மூடியில் பாதி கிழிந்த ஃபுட்பால் ஸ்டிக்கர்,
எல்லாம் பழகிவிட்டது.
புள்ளியில் தொடங்கும் ஒளிந்த கோப்புறையில்
அவர் சாவி இருந்ததுதான் தெரியாது.
நேற்று யாரோ பழைய ஆட்களைக் கழித்திருக்கிறார்கள்.
அதுவரை ஐந்து மாதம்
எழுதியவள் நான், வாசலில் நின்றவர் அவர்.

போன் போட்டேன்.
மிஷன் வீதியில் வாடகை ஸ்கூட்டர் விடுகிறார் இப்போது.
"இன்னும் உள்ளதான் இருக்கனா நானு?"
பின்னால் யாரோ ஹெல்மெட்டுக்குப் பேரம் பேசும் சத்தம்.
"அழிச்சுடும்மா" என்றார்,
பிறகு கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தார்.

அழித்தேன்.
புதுச் சாவி. பாதி எனக்கு, பாதி அதற்கு.
மறுபடி கேட்டேன்.

வணக்கம், இன்பவலி.

சேர்ந்த அன்று அவசரத்தில்
ஒரு எழுத்தை விழுங்கிப் பதிந்திருக்கிறேன்.
வல்லி வலியாகிக் கிடக்கிறாள்.
இருக்கட்டும், நாற்பது வரியும் ஏறியது.

முள்ளோடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
போலீஸ்காரர் பையைத் திறந்து
மடிக்கணினியை ஒதுக்கி
தண்ணீர் பாட்டிலை எடுத்து
மூடியைக் கழற்றி முகர்ந்தார்.
திருப்பித் தந்தார்.
பெயர் கேட்கவில்லை.